வாசற்படி சிதைந்தால் வீட்டை இடிப்பதா?

வீட்டின் வாசற்படி சிதைந்துபோனால், எவரும் வீட்டையே இடித்துவிட்டுப் புதுமனை கட்டத் தொடங்குவதில்லை. கொத்தனாரை அழைத்துப் படியை மட்டும் சீராக்கிக் கொள்கிறோம். குடையின் கம்பி ஒன்று ஒடிந்தால் குடையை எறிவதில்லை. செருப்பின் வார் அறுந்தால் செருப்பை எறிவதில்லை. பழுது எங்கே உள்ளதோ அங்கே மட்டும் கை வைப்பது நம் முன்னோர் நமக்குப் பழக்கிய சிக்கனம். ஆயினும், இன்று நம் இல்லங்களில் இடம்பெற்றுவிட்ட மடிக்கணினிக்கு இந்த நீதி எளிதில் கிடைப்பதில்லை. சார்ஜர் செருகும் துளை ஆட்டம் கண்டுவிட்டால், "மதர்போர்டே போய்விட்டது, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்" என்ற தீர்ப்பு பல வேளைகளில் மிக விரைவாக வழங்கப்பட்டுவிடுகிறது.

இத்தீர்ப்பு எப்போதும் சரியானதுதானா? இல்லத்தை நடத்தும் பெற்றோர் இதைச் சற்றே ஆராய்ந்து அறிந்திருப்பது நலம். 2011ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசு, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பயின்ற மாணவ மாணவியருக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அதுவரை கணினியை அலுவலகங்களில் மட்டுமே கண்டிருந்த எத்தனையோ எளிய குடும்பங்களுக்குள் முதல் மடிக்கணினி நுழைந்தது அவ்வாறுதான். அதன் பின்னர் பிள்ளைகளின் படிப்பு, வேலைக்கான விண்ணப்பம், தையற்கடைக் கணக்கு, வெளிநாட்டிலிருக்கும் மகனோடு உரையாடல் ஆகிய அனைத்தும் அந்த ஒரு கருவியையே நம்பி நிற்கும் நிலை வந்துவிட்டது. அது அணைந்தால் வீட்டில் ஒரு விளக்கு அணைந்தது போலத்தான்.

ஓர் இல்லத்தில் நடந்தது

நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் மூத்த மகள் கல்லூரியில் இறுதியாண்டு பயில்கிறாள். தந்தை தையற்கலைஞர். ஒருநாள் மாலை, இளையவன் ஓடி விளையாடுகையில் சார்ஜர் வயரில் கால் இடறிவிட்டது. மேசையிலிருந்து கணினி கீழே விழவில்லை. ஆனால் செருகி வைத்திருந்த முனை ஒருபக்கமாக வளைந்து இழுபட்டது. அன்று முதல் வயரை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பிடித்துக்கொண்டால்தான் மின்சாரம் ஏறும். சில நாட்களில் அதுவும் நின்றது. அவளுடைய ஆய்வேட்டின் மூன்று மாத உழைப்பு முழுவதும் உள்ளே இருந்தது. ஏட்டைச் சமர்ப்பிக்க இருபது நாட்களே மீதமிருந்தன.

எடுத்துச் சென்ற கடையில், பலகையையே மாற்றவேண்டும் என்றார்கள். கேட்ட தொகை, புதிய கணினியின் விலையில் பாதிக்கும் மேல். வீட்டில் பேச்சு தடித்தது. தம்பியோ, தான் அக்காவின் படிப்பையே கெடுத்துவிட்டதாக எண்ணி, தட்டில் வைத்த சோற்றைத் தொடாமல் எழுந்து போனான். ஒரு சிறு உலோகத் துண்டின் பழுது ஒரு குடும்பத்தின் அமைதியை எவ்வளவு தூரம் குலைத்துவிடுகிறது, பாருங்கள்!

நல்வாய்ப்பாக, அத்தந்தை மற்றொருவரிடமும் காட்டிப் பார்ப்போம் என்று முடிவு செய்தார். சிறிய அறையொன்றில் பழுது பார்க்கும் இளைஞர் ஒருவர், மூடியைத் திறந்து, உருப்பெருக்கியின் கீழ் சில நிமிடங்கள் பார்த்தார். பின்பு அவர் சொன்னது இதுதான்: "ஐயா, போர்டு போகவில்லை. உடம்பு நன்றாக இருக்கிறது, வாயில்தான் புண்."

இணைப்பான் என்னும் வாசல்

மடிக்கணினியின் உள்ளே பச்சை, நீலம் அல்லது கறுப்பு நிறத்தில் அகன்றிருக்கும் பலகையே மதர்போர்டு. கணிக்கும் சில்லுகள், நினைவகம், மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் சுற்றுகள் யாவும் அதில் குடியிருக்கின்றன. பார்வைக்கு ஒரே தகடாகத் தோன்றினாலும், அது தாமிரத் தடங்களும் காப்புப் பொருளும் மாறி மாறி அடுக்கப்பட்ட பல அடுக்கு மாளிகை. வெளியிலிருந்து வரும் வயர்கள் இப்பலகையோடு சேரும் இடங்களே இணைப்பான்கள். சார்ஜருக்கு ஒன்று, திரைக்கு ஒன்று, விசைப்பலகைக்கு ஒன்று, பாட்டரிக்கு ஒன்று என அவை பல.

இவற்றுள் அதிக அடி வாங்குவது சார்ஜர் இணைப்பானே. பழைய வகைகளில் இது வட்டத் துளையாக இருக்கும். நடுவில் ஓர் ஊசி, சுற்றிலும் ஓர் உலோக உறை. சில நிறுவனங்களின் கருவிகளில் நடுவூசி மின்சாரத்தைக் கொண்டு வருவதில்லை. 'நான் இன்ன சார்ஜர்' என்று கணினிக்கு அடையாளம் சொல்லும் தூதுவனாக அது நிற்கிறது. அந்த ஊசி மட்டும் பழுதுபட்டால் கணினி இயங்கும். ஆனால் பாட்டரியில் மின்சாரம் ஏறாது. விவரம் அறியாதோர் பாட்டரியைக் குறைகூறி, அதைப் புதிதாக வாங்கி ஏமாறுவதும் உண்டு.

எதனால் உடைகிறது?

கதவில் கைப்பிடி நீண்டிருந்தால் திறப்பது எளிது. அதே நெம்புகோல் விதிதான் இங்கே எதிராக வேலை செய்கிறது. செருகிய முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் மேல் படும் சிறு இழுப்பும், உள்ளே இணைப்பானின் கால்களைப் பலகையோடு பற்றவைத்துள்ள ஈயப்பற்றில், அதாவது சாலிடரில், பன்மடங்காகப் போய்ச் சேருகிறது. மடியில் வைத்துப் பயன்படுத்துவது, செருகியபடியே தூக்கிச் செல்வது, வயரைப் பிடித்து இழுப்பது ஆகியவற்றால் அந்தப் பற்றில் மயிரிழை போன்ற விரிசல் விழுகிறது. ஒரு கோணத்தில் பிடித்தால் மட்டும் மின்சாரம் ஏறுவது இந்த விரிசலின் முதல் அறிகுறி.

இந்நிலையிலேயே சீராக்கிவிட்டால் செலவு மிகக் குறைவு. 'பிடித்துப் பிடித்து ஓட்டிக்கொள்வோம்' என்று நாட்களைத் தள்ளுவதுதான் ஆபத்து. 65 வாட் சார்ஜர் ஒன்று 19 வோல்ட்டில் ஏறக்குறைய 3.4 ஆம்பியர் மின்சாரத்தை அனுப்ப வல்லது. விரிசலில் அரை ஓம் தடை உண்டாகிவிட்டாலும், முழு அளவில் மின்சாரம் பாயும்போது அங்கே ஏறக்குறைய 6 வாட் வெப்பம் பிறக்கும். நெல்மணி அளவுள்ள இடத்தில் இந்த வெப்பம் நாள்தோறும் குவிந்தால் என்ன ஆகும்? பிளாஸ்டிக் இளகும், பலகை கருகும். கருகிய பலகை கரியாகி, தானே மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கிவிடும். அப்போது வாசலோடு நின்றிருக்க வேண்டிய நோய், வீட்டின் சுவர்வரை பரவிவிடுகிறது.

வயரில் கால் இடறுவது நம் வீட்டுப் பிள்ளைகளின் குற்றம் மட்டுமன்று. உலகெங்கும் இது நடப்பதால்தான், ஆப்பிள் நிறுவனம் 2006இல் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் சார்ஜர் முனையைத் தன் கணினிகளில் அமைத்தது. வயரை எவரேனும் இடறினால் முனை தானே கழன்றுவிடும். 2016 முதல் அதைப் படிப்படியாகக் கைவிட்ட அந்நிறுவனம், 2021இல் மீண்டும் கொண்டுவந்தது. ஆகவே இடறிய சிறுவனைக் கடிந்துகொள்வதைக் காட்டிலும், வயர் நடைவழியில் கிடக்காதபடி பார்த்துக்கொள்வதே பெரியவர்களுக்கு அழகு.

முதலில் நோயை அறிவோம்

மின்சாரம் ஏறவில்லை என்றவுடன் கணினியைத் திறக்கத் தேவையில்லை. சுவரிலுள்ள பிளக் பாயிண்டில் மின்சாரம் வருகிறதா? சார்ஜரின் வயர் முனையருகே நைந்திருக்கிறதா? அதே வகையைச் சேர்ந்த வேறொரு சார்ஜரை இரவல் வாங்கிச் செருகினால் வேலை செய்கிறதா? வட்ட முனைச் சார்ஜராயின், மல்டிமீட்டர் வைத்திருப்பவர் எவரும் அதன் வோல்ட் அளவைப் பார்த்துச் சொல்லிவிடலாம். சார்ஜரின் மேல் அச்சிட்டுள்ள அளவை ஒட்டி வரவேண்டும். இவ்வளவும் நலமாயிருந்தால்தான் இணைப்பான் மேல் ஐயம் கொள்ளலாம்.

இணைப்பான் மேல் ஐயம் வந்தபின் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அது பலகையில் பற்றவைக்கப்பட்டுள்ளதா, அல்லது சிறு வயரோடு தனியாகச் செருகப்பட்டுள்ளதா? பல கணினிகளில் இணைப்பான் ஒரு குட்டை வயரின் நுனியில் இருக்கும். மறுநுனி பலகையில் செருகப்பட்டிருக்கும். அங்கே சாலிடர் வேலையே இல்லை. திருகாணிகளைக் கழற்றி, பழைய வயரை எடுத்துப் புதியதைச் செருகினால் போதும். பலகையை மாற்றவேண்டும் என்று ஒருவர் கூறினால், "இணைப்பான் தனி வயரில் வருகிறதா, ஐயா?" என்று பணிவோடு கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு கேள்வியே சில ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்தக்கூடும்.

மேசையில் நடப்பது

அம்மாணவியின் கணினியில் இணைப்பான் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தது. அந்த வேலையை நாம் அருகிலிருந்து கண்டோம். வாசகர்களுக்காக அதை வரிசையாகச் சொல்கிறோம்.

அவர் முதலில் செய்தது, பாட்டரியின் இணைப்பைக் கழற்றியது. வெளியே சார்ஜர் இல்லையென்றாலும் உள்ளே பாட்டரி உயிரோடிருக்கிறது. அந்நிலையில் திருகாணி ஒன்று தவறி விழுந்தாலும் சில்லுகள் எரிந்துவிடும். பின்னர் கழற்றிய திருகாணிகளை, அவை இருந்த இடங்களைக் குறித்த தாளின் மேல் ஒவ்வொன்றாக வைத்தார். நீளமான திருகாணியைக் குட்டையானதன் இடத்தில் முடுக்கினால் அது பலகையைத் துளைத்துவிடும் என்பதே காரணம்.

அடுத்து, பழைய இணைப்பானை எடுக்கவேண்டும். இங்குதான் பொறுமை சோதிக்கப்படுகிறது. ஈயம் கலந்த பழைய வகைச் சாலிடர் 183 டிகிரி செல்சியசிலேயே உருகிவிடும். ஈயத்தின் நச்சுத்தன்மை கருதி 2006ஆம் ஆண்டு ஜூலை முதல் ஐரோப்பிய நாடுகள் மின்னணுப் பொருள்களில் அதைக் கட்டுப்படுத்தின. அதன் பின்னர் பரவலான ஈயமற்ற சாலிடர் உருகுவதற்கு 217 டிகிரிக்கு மேல் வேண்டும். அதோடு, இணைப்பானின் சில கால்கள் பலகைக்குள் அகன்று விரிந்துள்ள தாமிர அடுக்குகளோடு சேர்ந்திருக்கின்றன. நாம் கொடுக்கும் வெப்பத்தை அந்தத் தாமிரம் குளத்து நீர் போல உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே அவர் பலகையைக் கீழிருந்து மிதமாகச் சூடேற்றினார். கால்களின் மேல் பிளக்ஸ் என்னும் பசையைத் தடவினார். ஈயம் கலந்த புதிய சாலிடரைப் பழையதோடு உருக்கிக் கலந்தார். இரண்டும் கலந்தால் உருகும் வெப்பநிலை தாழ்ந்துவிடும் அல்லவா! எல்லாக் கால்களும் ஒருசேர இளகிய பின்னரே இணைப்பானைப் பிடித்தார். அது தானே கையோடு வந்தது.

"இழுக்கவே கூடாது, ஐயா. இழுத்தால் துளைக்குள் பூசியிருக்கும் தாமிரமும் சேர்ந்து வந்துவிடும். பிறகு உள்ளடுக்குகளின் தொடர்பு அறுந்துவிடும்" என்று அவர் தந்தையிடம் விளக்கினார்.

பின்பு தாமிர இழைப் பின்னல் ஒன்றை வைத்து, துளைகளில் எஞ்சிய சாலிடரை ஒற்றியெடுத்தார். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கொண்டு துடைத்தார். அப்போதுதான் தெரிந்தது, ஒரு காலின் அருகே தாமிர வளையம் முன்னமே பெயர்ந்திருந்தது. வயர் இழுபட்ட நாளில் நேர்ந்த காயம் அது. அவர் கலங்கவில்லை. அந்தத் தடம் செல்லும் வழியைத் தேடி, மேற்பூச்சைச் சற்றே சுரண்டி, செப்புக் கம்பியால் பாலம் அமைத்தார். செய்தி மட்டும் செல்லும் தடமாயின் மயிரிழைக் கம்பி போதும். சார்ஜரின் முழு மின்சாரமும் பாயும் தடத்துக்குத் தடித்த கம்பியே வேண்டும். இதை மறந்து மெல்லிய கம்பி இட்டால், பழுது நீங்கியது போல் தோன்றிச் சில நாட்களில் எரிந்துபோகும்.

புதிய இணைப்பானைப் பொருத்திப் பற்றவைத்ததும், உடனே சார்ஜரைச் செருகிவிடவில்லை. நேர்முனைக்கும் எதிர்முனைக்கும் இடையே குறுக்குத் தொடர்பு நேர்ந்துள்ளதா என்று மல்டிமீட்டரால் சோதித்தார். சோதனை முடிந்து, சார்ஜரைச் செருகியதும் சிறு விளக்கு எரிந்தது. ஏறக்குறைய ஒன்றரை மணி நேர வேலை; செலவு சில நூறு ரூபாய். ஆய்வேடு உள்ளே அப்படியே இருந்தது. வாசல் உடைந்ததால் பெட்டகத்தினுள் இருந்த பொருள் தொலைந்துவிடவில்லை. அன்றிரவு அத்தம்பி வயிறார உண்டான் என்று பின்னர் கேள்வியுற்றோம்.

சி வகை வாசல்

2014இல் அறிமுகமான யு.எஸ்.பி. சி வகை முனை, இன்று கைப்பேசிக்கும் கணினிக்கும் பொதுவான வாசலாகி வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024ஆம் ஆண்டு டிசம்பர் 28 முதல் கைப்பேசிகளுக்கு இதைக் கட்டாயமாக்கியது. மடிக்கணினிகளுக்கு 2026ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஐ நாளாகக் குறித்தது. வீட்டில் ஆளுக்கொரு சார்ஜர் என்ற நிலை மாறுவது நன்மையே.

எனினும், பழுது பார்ப்போருக்கு இது கடினமான வேலை. ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் அகலமுள்ள அந்தச் சிறு வாய்க்குள் மேலே 12, கீழே 12 என 24 தொடுமுனைகள் அரை மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்கின்றன. சார்ஜரும் கணினியும் முதலில் 5 வோல்ட்டில் தொடர்பு கொண்டு, தமக்குள் பேசி ஒப்புக்கொண்ட பின்னரே 20 வோல்ட் போன்ற உயர் அளவுக்கு ஏறுகின்றன. ஈரமோ உலோகத் துகளோ புகுந்து, அந்த உயர் மின்சாரம் பக்கத்திலுள்ள பேச்சுத் தடத்தில் பாய்ந்தால், அங்குள்ள சில்லு மாண்டுவிடும். ஆகவே இவ்வகை இணைப்பானை மாற்ற வெப்பக்காற்றுக் கருவியும் உருப்பெருக்கியும் தேர்ந்த கையும் இன்றியமையாதவை. ஒரு செய்தி மட்டும் நினைவில் இருக்கட்டும்: முனை சரியாகப் பொருந்தவில்லையெனில், உள்ளே பஞ்சும் தூசியும் அடைந்திருப்பதும் ஒரு காரணமாகலாம். கணினியை அணைத்துவிட்டு, மரக்குச்சியால் மெல்லச் சுத்தம் செய்தாலே குணமாகிவிடக்கூடும். ஊசியோ ஊக்கோ ஒருபோதும் ஆகாது.

உள்ளே விசைப்பலகை முதலியவற்றின் நாடா வயர்களைப் பிடித்திருக்கும் இணைப்பான்களும் உண்டு. அவற்றில் நகம் போன்ற ஒரு சிறு தாழ்ப்பாள் இருக்கும். அதை உயர்த்தியபின் நாடா எளிதாக வெளிவரும். தாழ்ப்பாளை உயர்த்தாமல் நாடாவைப் பிடித்து இழுப்பதாலேயே பல கணினிகள் கெடுகின்றன. தாழ்ப்பாள் மட்டும் ஒடிந்தால், பழுதான வேறொரு பலகையில் உள்ள அதே வகைத் தாழ்ப்பாளைக் கழற்றிப் பொருத்துவதுண்டு. இறந்த பலகை ஒன்று இன்னொன்றுக்கு உறுப்பு தானம் செய்வது போல!

எங்கே நிறுத்திக்கொள்வது?

எதையும் சீராக்கிவிடலாம் என்று நாம் கூறவில்லை. நீர் புகுந்து பல இடங்களில் களிம்பேறிய பலகை, உள்ளடுக்குவரை கருகிய பலகை, ஏற்கெனவே பலர் கைவைத்துத் தடங்களைச் சிதைத்த பலகை ஆகியவற்றுக்குச் செலவிடுமுன் நன்கு யோசிக்க வேண்டும். பாட்டரி உப்பியிருந்தால் அது தீ விபத்துக்கு அறிகுறி. அதை அமுக்கவோ துளைக்கவோ கூடாது. உடனே பயன்பாட்டை நிறுத்திவிட வேண்டும்.

இளைஞர்கள் இக்கலையைப் பழகுவது வரவேற்கத்தக்கது. பயன்படாத பழைய பலகைகளில் பழகிக்கொண்டு, பின்னர் வீட்டுக் கணினியில் கை வைக்கட்டும். சாலிடரில் ஈயம் உண்டு. வேலை முடிந்ததும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவவேண்டும். பிளக்ஸிலிருந்து எழும் புகை ஆஸ்துமாவைத் தூண்டவல்லது. காற்றோட்டமுள்ள இடம் தேவை. உணவு சமைக்கும் இடத்திலும், குழந்தைகள் தவழும் தரையிலும் இவ்வேலை வேண்டவே வேண்டாம்.

குப்பைக்குப் போகுமுன்

ஐக்கிய நாடுகள் அமைப்புகள் சார்பில் 2024இல் வெளியான அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. அதில் முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடே. எஞ்சியவற்றில் பெரும்பகுதி எங்கே போயிற்று? சில குப்பை மேடுகளில் புதைகின்றன. சில, தாமிரத்துக்காக வெறும் கைகளால் எரிக்கப்படுகின்றன. அந்தப் புகையைச் சுவாசிப்போர் பெரும்பாலும் ஏழைகளே. நாம் எறியும் கணினியின் விலையில் ஒரு பங்கை முகமறியாத அவர்கள் தம் நுரையீரலால் செலுத்துகின்றனர்.

நம் நாட்டில் 2022இல் இயற்றப்பட்ட மின்னணுக் கழிவு விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்து, மறுசுழற்சிப் பொறுப்பை உற்பத்தியாளர்கள்மீது சுமத்தின. பழுது பார்க்கும் உரிமையைப் பற்றி நுகர்வோர் தகவல் பெறுவதற்கென மத்திய அரசு 2022 டிசம்பரில் தனித்தளம் ஒன்றையும் தொடங்கியது. உதிரிபாகமும் வரைபடமும் எளிதில் கிடைத்தால், நம் ஊர்த் தெருமுனையில் மேசை போட்டு அமர்ந்திருக்கும் இளைஞர்களின் கைகளுக்கு வேலையும் மதிப்பும் கூடும்.

குடும்பத்தாருக்குச் சில சொற்கள்

செருகும்போதும் எடுக்கும்போதும் வயரைப் பிடிக்காமல் முனையைப் பிடியுங்கள். சார்ஜர் செருகியபடியே கணினியைத் தூக்காதீர்கள். வயர் நடைவழியில் குறுக்கிடாமல் சுவரோரம் செல்லட்டும். முக்கியமான எழுத்துகளுக்கும் படங்களுக்கும் வாரம் ஒருமுறை வேறோர் இடத்தில் படி எடுத்து வையுங்கள். முனை ஆடத் தொடங்கிய அன்றே பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள். ஒருவர் கைவிரித்தால் இன்னொருவரிடமும் கேளுங்கள். மாற்றிய பழைய உதிரிபாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்; நேர்மையான தொழிலாளி மகிழ்ந்தே காட்டுவார். அவர் ஒன்றரை மணி நேரம் கண்ணைச் சுருக்கிச் செய்த வேலைக்குக் கூலி பேசும்போது, இணைப்பானின் விலையை மட்டும் கணக்கிடாதீர்கள். அந்தச் சிறு உலோகத் துண்டை எங்கும் வாங்கலாம். எங்கே கை வைப்பது என்று அறிந்த கண்ணுக்கும், எங்கே இழுக்கக்கூடாது என்று அறிந்த விரலுக்கும் உரிய கூலியை மனமுவந்து கொடுங்கள்.